விடுதி வாசல் தூங்குமூஞ்சி மரம்

மலர்க் குழு நண்பர்கள் "பழைய கதை ஏதாவது எழுதுங்களேன்" என்று கேட்டதும் எனக்கு நினைவு வந்தது நம் விடுதி வாசல் தூங்குமூஞ்சி மரம்தான். அதன் நிழலில் உட்கார்ந்து அரட்டை அடிக்காமல் நம்மில் யாரும் பட்டம் வாங்கியதில்லை!

அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்த இந்த மரம் நம் நாட்டுக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டில். நிழலுக்காக ஊரெங்கும் நட்டார்கள். குடை பெரிசு, வேரோ மேலாகவே ஓடும். 12-12-2016 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நம் மரம் விடுதிக் கூரைமேல் சாய்ந்து நின்றது.

நாம் படித்த காலத்தில் மரம் எடுப்பதென்றால் கோடாலி, ரம்பம், வடக்கயிறுதான். ஒருவர் மேலே ஏறிக் கிளையைக் கட்டுவார். கீழே நாலு பேர் கயிற்றை மெல்ல விடுவார்கள். ஆனைமலைக் காடுகளில் யானைகள் இழுத்தன. 1846-இல் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் இங்கிலாந்தின் நியூகாசில் துறையில் தண்ணீர் அழுத்தத்தால் இயங்கும் கிரேனை நிறுவினார். 1926-இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சாரச் சங்கிலி ரம்பம் செய்தார். இந்த இரண்டு வழியிலும் வந்த இயந்திரங்கள் ஒன்று சேர்ந்தபிறகு, மரத்தை வீழ்த்தாமல் துண்டு துண்டாகத் தூக்கி எடுக்க முடிந்தது.

சிவில் படித்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கிரேனும் வந்தது. கான்டிராக்டர், "ஒரே தூக்கு சார், மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். ஆபரேட்டர் அசையவில்லை. பூம் நீள நீள வண்டி தாங்கும் எடை குறையும். இருபது டன் கிரேன் இருபது டன்னைத் தூக்குவது பக்கத்தில் வைத்துத்தான். பச்சை மரம் கன மீட்டருக்கு ஒரு டன் என்று கணக்குப் போட்டோம். ஒரு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள துண்டே சுமார் 2.4 டன்!

ஜாக்கி இறக்கும் இடத்தைக் காட்டியவன் நான். "தரை கெட்டிதான்" என்றும் சொன்னேன். அப்போது வயதான வாட்ச்மேன் ஓடிவந்து, "ஐயா, அங்க பழைய செப்டிக் டேங்க் இருக்கு" என்றார். கடப்பாரையால் தட்டினால் 'டொம்' என்று சத்தம். நாலு வருஷம் அதன்மேல் நடந்து மெஸ்ஸுக்குப் போனவன் நான்! ஜாக்கி உள்ளே இறங்கியிருந்தால் கிரேன் கூரைமேல் சாய்ந்திருக்கும்.

வண்டியைத் தள்ளி நிறுத்தி, ஜாக்கிகளுக்கு அடியில் கனமான கட்டைகள் போட்டோம். தூரம் கூடியதால் துண்டுகள் சின்னதாயின. அரை நாள் வேலை இரண்டு நாளானது. சாய்ந்த மரத்தில் ஆள் ஏறவில்லை. தனி லிஃப்ட் வண்டியின் தொட்டியில் நின்று அறுத்தார்கள். முதலில் பெல்ட் கட்டி, துண்டின் எடையை மட்டும் கிரேன் ஏந்தியபிறகே ரம்பம் ஓடியது. அதிகம் இழுத்தால் அறுந்ததும் துண்டு மேலே துள்ளும். சிக்னல் காட்ட ஒரே ஆள். தூக்கிய கட்டைக்குக் கீழே ஒருவரும் இல்லை. காற்று எழுந்தபோது வேலையை நிறுத்தினோம். கடைசியில் அடிமரத்தை அறுக்கும்போது வேர்க்குழிப் பக்கம் யாரையும் விடவில்லை. பாரம் போனதும் வேர்த்தட்டு நிமிர்ந்து குழியை மூடிவிடும்.

ஒருவருக்கும் சிறு காயமில்லை. வேலை முடிந்ததும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது அந்த வாட்ச்மேனுக்குப் போயிருக்க வேண்டியது. அன்று வாய் திறந்து சொல்லத் தோன்றவில்லை; இந்த மலரிலாவது சொல்லிவிடுகிறேன்.