சிங்கிளேரின் சுழல்நாடா

மாணவர்களே, எழுத்தைக் காத்த பொருள்களின் வரலாற்றில் ஓலைக்கும் தாளுக்கும் உரிய இடத்தை நீங்கள் அறிவீர்கள். தீப்பெட்டியினும் சிறிய ஒரு பேழைக்கும் அங்கே இடமுண்டு என்பது என் கருத்து.

1982 ஏப்ரலில், இங்கிலாந்தில் கிளைவ் சிங்கிளேர் என்பாரின் நிறுவனம் ‘ஸ்பெக்ட்ரம்’ என்னும் வீட்டுக் கணிப்பொறியை வெளியிட்டது. 48 கே நினைவகம் உடையதன் விலை 175 பவுன். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடிய விலைதான். ஆனால் மின்விசையை நிறுத்தியதும் அதன் நினைவிலிருந்தவை யாவும் அழிந்துபோம். எழுதியதைக் காக்க வேண்டின், பாட்டுக் கேட்கும் காசெட்டில் ஒலியாகப் பதிதல் வேண்டும். நினைவகம் நிறைந்த ஒரு நிரலைத் திரும்பப் பெற ஏறத்தாழ 5 நிமிடம் ஆகும். இடையே ஒலி பிசகினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதே. பிளாப்பி வட்டு இயக்கியோ, கணிப்பொறியின் விலையையே விஞ்சக்கூடியது.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கச் சிங்கிளேர் கண்ட வழியே ‘மைக்ரோடிரைவ்’. ஸ்பெக்ட்ரத்தை அறிவித்தபோதே இதனையும் அறிவித்துவிட்டனர். கடைசியில் மக்கள் கையில் சேர்ந்ததோ 1983 ஜூலையில். பொருள் முடியுமுன் வாக்குக் கொடுக்கும் இவ்வழக்கத்தை நான் பாராட்டேன். எனினும் அமைப்பு வியக்கத்தக்கது. கழற்றி மாற்றக்கூடிய அக்கார்ட்ரிட்ஜினுள், 2 மில்லிமீட்டரினும் சற்றுக் குறைந்த அகலமும் ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் உடைய நாடா ஒன்று, இரு முனையும் ஒட்டப்பெற்று வளையமாக இருக்கும். சுருளின் நடுவிலிருந்து வெளிவரும் நாடா, படிக்கும் தலையைக் கடந்து, சுருளின் வெளிப்புறத்தில் மீண்டும் சுற்றிக்கொள்ளும். ஒரு சுற்று முடிய ஏழெட்டு நொடி. ஆகவே நாடாவின் எப்பகுதியில் இருப்பதும் அதற்குள் கிட்டிவிடும். குறைந்தது 85 கே கொள்ளும். இயக்கியின் விலை 50 பவுனுக்கு 5 பென்ஸ் குறைவு. எட்டு இயக்கிகள் வரை வரிசையாகப் பிணைக்கலாம்.

சிக்கனமே இதன் சிறப்பு. இதன் நோயும் அதுவே. நாடாவின் ஒரு மடிப்பு மற்றொன்றின்மேல் ஓயாது உராய்ந்தமையால் நாளடைவில் அது நீண்டது, தேய்ந்தது. முதன்முறை ஒழுங்குபடுத்தும்போதே கெட்ட இடங்களைக் கணிப்பொறி கண்டு ஒதுக்கிவிடும்; ஆயின் பின்னர்க் கெடுவதற்கு என் செய்வது? கார்ட்ரிட்ஜ் உள்ளிருக்க மின்விசையைப் போடுவதும் நிறுத்துவதும் கூடாது என்று கையேடு எச்சரித்தது. விடைத்தாள் கட்டுகளைக் காத்துப் பழகிய என்போன்றோர்க்கு, ஒரு படியை மட்டும் நம்பியிருத்தல் எத்துணை அச்சம் தருவது என்பது புரியும். அறிந்தவர்கள் இரண்டு மூன்று படி எடுத்து வைத்தனர்.

1984 ஜனவரியில் சிங்கிளேர் அறிவித்த ‘க்யூஎல்’ கணிப்பொறி அலுவலகங்களை நாடியது. அதிலும் இவ்வியக்கிகள் இரண்டையே பொருத்தினர். வீட்டார் பொறுத்துக்கொண்ட குறையை வணிகர் பொறுப்பரா? கணக்கேடு தொலைந்தால் கடை நின்றுவிடுமே! 1986 ஏப்ரலில் சிங்கிளேரின் கணிப்பொறி உரிமைகளை ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் வாங்கியது. 1987இல் அது வெளியிட்ட ‘ஸ்பெக்ட்ரம் +3’ வட்டு இயக்கியுடன் வந்தது.

அக்கார்ட்ரிட்ஜ்களில் பல இன்றும் உள்ளன. நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறு மெத்தை பொடிந்துபோவதால் அவை வாய்திறப்பதில்லை. ஆர்வலர் சிலர் இடுக்கி கொண்டு புதிய மெத்தை ஒட்டி, நாடாவை மறுபடி ஓடவிட்டு, உள்ளிருப்பதைப் படியெடுத்து வருகின்றனர்.