ஒளிப்படத் திருத்தமும் உண்மையின் உரிமையும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

ஒளிப்படம் எண்முறைக்கு மாறியதன் பின்னர் அது தன் நம்பகத்தன்மையை இழந்துவிட்டது என்னும் கருத்து இன்று பரவலாக நிலவுகின்றது. இருட்டறையிலே கழுவி எடுக்கப்பட்ட படம் புறவுலகின் நேரடிப் பதிவு என்றும், கணினியிலே திருத்தப்படும் படம் புனைவு என்றும் இக்கருத்தினர் கொள்வர். தொழினுட்பத்தையே வரலாற்றின் கருத்தாவாகக் கொள்ளும் இந்நோக்கு, படத்தை யார் திருத்தினர், யாருக்காகத் திருத்தினர் என்ற வினாக்களைப் பின்தள்ளிவிடுகின்றது. அவ்வினாக்களை முன்கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருத்தம் ஒளிப்படத்தின் வீழ்ச்சிக் காலத்தில் வந்து சேர்ந்ததன்று. அதன் இளமையிலேயே உடன் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பயன்பட்ட இரசாயனக் கலவைகள் நீல ஒளிக்கு மிகையாக இசைந்தன. கடலும் நிலமும் தெளிவாகப் பதியும்வரை காத்திருந்தால் வானம் முகிலேதுமற்று வெளுத்துப் போயிற்று. பிரான்சைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிறே 1850களின் பிற்பகுதியில் கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு வேறொரு நெகட்டிவும் கொண்டு ஒரே படத்தை ஆக்கினார். கண் கண்டதைக் கருவி காணவில்லை. கண் கண்டதை மீட்பதற்கே அவர் இரு துண்டுகளை ஒட்டவேண்டியிருந்தது. இங்கு திருத்தம் உண்மைக்கு எதிரானதாகவன்றி, உண்மையை அண்மிக்கும் வழியாகவே தொழிற்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1857இல் ஒஸ்கார் றெய்லாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவுகளை இணைத்து ஒரு பெரும் அறவுருவகப் படத்தை ஆக்கியபோது, ஒளிப்படம் ஓவியத்துக்கு நிகரெனக் காட்டும் விழைவே அவரை உந்தியது.

எனினும் திருத்தம் வர்க்கப் போராட்டத்தின் ஆயுதமாவதற்கு அதிக காலம் செல்லவில்லை. 1871 மார்ச் 18 முதல் மே 28 வரை நிலைத்த பாரிஸ் கொம்யூன் இதற்கான களமாயிற்று. கொம்யூன் போராளிகள் தடுப்பரண்களின் முன்னும், வீழ்த்தப்பட்ட வொந்தோம் தூணின் அருகிலும் நின்று பெருமிதத்துடன் படமெடுத்துக்கொண்டனர். தோல்வியின் பின்னர் அப்படங்களே அவர்களை அடையாளங்காணப் பொலிசாருக்கு உதவின. ஒரு திருத்தமும் செய்யப்படாத, முற்றிலும் உண்மையான படங்கள் அவை! அதேவேளை எயூஜின் அப்பேர் என்னும் ஒளிப்படக்காரர் கொம்யூனின் குற்றங்கள் என்ற தொடரை வெளியிட்டார். நடிகர்களை அமர்த்திக் கொலைக் காட்சிகளை நடிக்கச் செய்து, வெர்சாய்ச் சிறைகளிலே தாம் எடுத்திருந்த கைதிகளின் முகங்களை வெட்டி அவ்வுடல்களில் ஒட்டி, மீண்டும் படமெடுத்தார். சாந்தியே சிறையிலிருந்த பெண்களைத் தனித்தனியே எடுத்த படங்களையும் அவ்வாறே ஒட்டி ஒரு கூட்டமாகக் காட்டினார். லூயிஸ் மிஷெலும் அவர்களுள் ஒருவர். இரத்த வாரத்திலே ஆயிரக்கணக்கான தொழிலாளரைச் சுட்டுக் கொன்ற அரசின் பக்கத்தில் நின்றே இப்படங்கள் கொம்யூனைக் கொலைகாரக் கும்பலாகச் சித்திரித்தன. ஆக, திருத்தாத படமும் திருத்திய படமும் ஒரே வர்க்கத்துக்கு ஒரே பணியையே ஆற்றின.

இதே கத்திரிக்கோலையும் பசையையும் மறுபக்கத்தினரும் கையிலெடுத்தனர். ஜேர்மனியில் ஜோன் ஹார்ட்பீல்ட் 1930களின் தொடக்கத்தில் தொழிலாளர் பட சஞ்சிகையான ஏ.ஐ.செற்றில் வெளியிட்ட ஒட்டுப்படங்கள் நன்கறியப்பட்டவை. 1932இல் வந்த ஒன்றில், மேடையிலே முழங்கும் ஹிட்லரின் உடல் எக்ஸ்-றே படமாக ஊடுருவிக் காட்டப்படுகின்றது. முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் பொற்காசுகள் அடுக்கப்பட்டுள்ளன. இதனை நிகழ்ந்ததன் பதிவாக எவரும் கொள்ளார். கொள்ளவேண்டுமென ஆக்கியவரும் எண்ணவில்லை. நாசிகளுக்குப் பணம் வழங்கியோர் யார் என்ற, சாதாரண ஒளிப்படத்திற் பதியாத உறவினை அது வெளிக்கொணர்ந்தது. நமது நாட்டில் லயனல் வென்ட் ஒட்டுப்பட உத்தியைக் கையாண்டவர். ஆயின் அவரது நாட்டம் பெரிதும் அழகியல் சார்ந்ததாகவே இருந்தது.

ஈண்டு முற்போக்காளராகிய நாம் தயங்காது எதிர்கொள்ளவேண்டிய ஒரு பக்கமும் உண்டு. 1920 மே 5ஆம் திகதி மொஸ்கோவில், போலந்துப் போர்முனைக்குச் செல்லும் படையினர்முன் லெனின் உரையாற்றும் படம் உலகப் பிரசித்தமானது. மேடையின் பக்கத்துப் படிகளில் ட்ரொட்ஸ்கியும் கமனேவும் நின்றிருந்தனர். பிற்காலப் பிரசுரங்களில் அவர்கள் இல்லை. வெறும் படிகளே உள்ளன. 1937இல் மொஸ்கோ-வொல்கா கால்வாயருகே ஸ்ராலினுடன் காணப்பட்ட யெஷோவ், 1940இற் சுட்டுக்கொல்லப்பட்டபின் படத்திலிருந்தும் மறைந்தார். அவர் நின்ற இடத்திலே நீர் வரையப்பட்டது. ட்ரொட்ஸ்கியின் அரசியலை ஏற்பதும் மறுப்பதும் வேறு விடயம். அவர் அங்கு நிற்கவேயில்லை எனக் காட்டுவது வரலாற்றுப் பொருள்முதல்வாதத்துக்கே இழைத்த துரோகமாகும். ஹார்ட்பீல்ட் தம் வெட்டையும் ஒட்டையும் வாசகன் காண விட்டார். இங்கோ தூரிகையின் தடம் தெரியாதிருப்பதே தொழிற்றிறனாயிற்று. இவ்விரண்டையும் பிரசாரம் என்ற ஒரே பெயரால் அழைப்பது ஆய்வாளருக்கு அழகன்று. சோவியத் வடிவமைப்பாளரான அலெக்சாண்டர் றொட்ஷென்கோ, தாமே வடிவமைத்த உஸ்பெக்கிஸ்தானின் பத்தாண்டுகள் என்ற நூலின் சொந்தப் பிரதியில், களையெடுக்கப்பட்ட தலைவர்களின் முகங்களைக் கறுப்பு மையால் அழித்திருந்தார். நூல் 1934இல் வெளிவந்தது. அதன் முகங்களை அப்பியிருக்கும் மைத்திட்டுகள் நீண்ட விளக்கத்தை வேண்டுவனவல்ல.

எண்முறைக் காலத்துக்கு வருவோம். 1975இல் கொடக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்ரீவன் சாசன் ஆக்கிய முதற் கருவி, ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 வினாடிகள் எடுத்தது. அடுத்த ஆண்டில் அதே நிறுவனத்தின் பிறைஸ் பேயர் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி அமைப்பே இன்றும் பெரும்பாலான கமராக்களின் அடிப்படை. அதன்படி ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்பவற்றுள் ஒன்றை மட்டுமே அளக்கின்றது; எஞ்சிய இரு வண்ணங்களும் அயற்புள்ளிகளிலிருந்து கணித்து நிரப்பப்படுகின்றன. ஆகவே திருத்தப்படாத எண்முறை வண்ணப்படம் என்பது பொதுவாக இல்லை. நோல் சகோதரர் உருவாக்கிய போட்டோஷொப் 1990 பெப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதற்கு எட்டாண்டுகள் முன்னரே, 1982 பெப்ரவரி இதழில், நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை கீசாப் பிரமிட்டுகளை அட்டையின் நெடுவடிவத்துக்குள் அடக்குவதற்காகக் கணினி கொண்டு நெருக்கியிருந்தது. 1994 யூனில், ரைம் சஞ்சிகை கைதான கறுப்பின விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்சனின் பொலிஸ் படத்தை மேலும் கறுப்பாக்கி அட்டையிலிட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அப்படத்தை மாற்றாது வெளியிட்டமையால் கடைத் தட்டிலேயே வேறுபாடு அம்பலமாயிற்று. நெருக்கியது சந்தை, கறுப்பாக்கியது இனவெறியின் பழைய வழக்கம். மென்பொருளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் இதனைக் காண்பதில்லை.

திருத்தும் கையும் உழைக்கும் கையே. நமது பட்டினத்து ஸ்ரூடியோக்களில் நெகட்டிவின்மேற் பென்சில் முனையால் அம்மைத் தழும்பை மறைத்தவரது பெயர் படத்தின் அட்டையில் அச்சிடப்படவில்லை. ஸ்ரூடியோவின் பெயரே அச்சிடப்பட்டது. இன்றோ அக்கையின் அறிவு நிறுவனத்தின் சொத்தாகக் கருவிக்குள் அடைக்கப்பட்டுள்ளது. 2015 நவம்பரில் றொயிட்டர் நிறுவனம், மூலக் கோப்பிலிருந்து தாமே பதப்படுத்திய படங்களை அனுப்பவேண்டாமெனவும், கமராவே ஆக்கித்தரும் கோப்புகளை அனுப்புமாறும் தன் சுயாதீனப் படப்பிடிப்பாளருக்குக் கூறியது. விரைவும் நம்பகமும் காரணங்களாகக் காட்டப்பட்டன. கமராவின் கோப்பும் திருத்தப்பட்டதே. அதனைத் திருத்தியது உற்பத்தி நிறுவனம் என்பதே வேறுபாடு. களத்தில் நின்றவனின் தீர்ப்பு ஐயத்துக்குரியதாகவும், தொழிற்சாலையின் தீர்ப்பு இயற்கையாகவும் கொள்ளப்படுகின்றன.

கைத்தொலைபேசிகள் இதனை மேலும் ஒரு படி கொண்டு சென்றுள்ளன. 2023 மார்ச்சில் ஒருவர் நிலவின் படமொன்றை வேண்டுமென்றே மங்கலாக்கித் திரையிலிட்டு, அதனைச் சாம்சங் தொலைபேசியாற் படமெடுத்துக் காட்டினார். திரையில் இல்லாத பள்ளங்களும் வடுக்களும் அப்படத்தில் இருந்தன. நிலவை அடையாளங்கண்டு விவரங்களை மேம்படுத்தும் செயன்முறை தன் கருவியில் உள்ளதென நிறுவனமும் விளக்கியது. லெ கிறே தம் கண்ணாற் கண்ட முகிலையே தாம் தேர்ந்து ஒட்டினார். இத்தொலைபேசியை வைத்திருப்பவர் எதனையும் ஒட்டவில்லை. ஒட்டப்பட்டதென்பதும் அவருக்குத் தெரியாது.