கைதின் பின் எழுந்த குரல்கள்: எக்னலிகொட வழக்கும் பொதுமக்கள் மனநிலையும்

கணவனுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு நியாயம் கேட்டு அரசவை ஏறிய பெண்ணைத் தெய்வமாக வைத்துப் போற்றும் மரபு இலங்கையின் இரு பெரும் இனத்தவர்க்கும் பொதுவானதாகும். கிழக்கிலங்கைத் தமிழர் அவளைக் கண்ணகை அம்மன் என்பர். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வம் என்பர். ஆயினும், கதையில் வரும் பெண்ணை வணங்குவது எளிது. அதே கேள்வியைச் சுமந்துகொண்டு நீதிமன்றப் படியேறும் நம் காலத்துப் பெண்ணை ஏற்றுக்கொள்வது எளிதன்று. 2010 ஆம் ஆண்டு காணாமற்போன பத்திரிகையாளர் பிரகீத் எக்னலிகொட தொடர்பில் 2015 ஆம் ஆண்டு இராணுவத்தினர் சிலர் கைதானபோது தென்னிலங்கையில் எழுந்த எதிரொலி இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுகின்றது. அவ்வெதிரொலியின் தன்மையையும் அதன் வரலாற்றுப் பின்னணியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒருவர் காணாமற்போனமைக்காக இன்னொருவர் கைதாகும்போது சமூகத்தின்முன் இரு கேள்விகள் எழுகின்றன. காணாமற்போனவர் எங்கே என்பது ஒன்று. கைதானவர் யார் என்பது மற்றொன்று. சாதாரணக் குற்றமொன்றில் முதற் கேள்வியே மேலோங்கி நிற்கும். கைதானவர் அரசின் சீருடை அணிந்தவராயின், இரண்டாவது கேள்வி முதலாவதை விழுங்கிவிடுகின்றது. எக்னலிகொட வழக்கில் நிகழ்ந்தது இதுவேயாகும்.

இலங்கையின் அண்மைக்கால வரலாற்றில் காணாமற்போதல் ஓர் இனத்தவர்க்கு மாத்திரம் உரிய துயராக இருந்ததில்லை. வடக்கில் இளைஞர்கள் கைதுசெய்யப்படுவதை எதிர்த்து 1984 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றிற்று. தெற்கில் மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சி 1987 முதல் 1989 வரை நடைபெற்று அடக்கப்பட்டபோது பல்லாயிரம் சிங்கள இளைஞர் காணாமற்போயினர். அவர்தம் தாய்மாரும் மனைவியரும் 1990 இல் தமக்கென ஓர் அன்னையர் முன்னணியை அமைத்தனர். அதனை ஒழுங்கமைத்த அரசியல்வாதிகளுள் மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும் முதன்மையானவர்கள். காணாமற்போனோர் பற்றிய ஆவணங்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு 1990 செப்டெம்பரில் ஜெனீவா செல்ல முற்பட்ட மகிந்த ராஜபக்சவை விமான நிலையத்திற் பொலிசார் மறித்து அவற்றைப் பறித்தனர். 1992 ஆம் ஆண்டு யூன் 23 ஆந் திகதி, அன்றைய சனாதிபதி பிரேமதாசவின் பிறந்தநாளிலே, அத்தாய்மார் கொழும்பு முகத்துவாரம் காளி கோவிலிற் கூடித் தேங்காயுடைத்து முறையிட்டனர். நீதிமன்றம் கேளாததைத் தெய்வம் கேட்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. தென்னிலங்கை அன்று அத்தாய்மாரைத் துரோகிகள் என்று தள்ளிவிடவில்லை. அவர்களது கண்ணீர் 1994 ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றத்துக்கே உதவிற்று. இப்பின்னணியை நினைவிற் கொண்டாலன்றி 2015 இல் ஏற்பட்ட மாற்றத்தின் ஆழத்தை உணர இயலாது.

கேலிச்சித்திரக்காரரும் கட்டுரையாளருமான பிரகீத் எக்னலிகொட லங்கா ஈ நியூஸ் என்னும் இணையச் செய்தித்தளத்திற் பணியாற்றியவர். 2010 ஜனவரி 26 ஆந் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்சவை எதிர்த்து முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா போட்டியிட்டார். அத்தேர்தலுக்கு இரு நாட்களின் முன்னர், ஜனவரி 24 ஆந் திகதி, எக்னலிகொட வீடு திரும்பவில்லை. முந்திய ஆண்டிலும் அவர் ஒருமுறை கடத்தப்பட்டு விடுவிக்கப்பட்டிருந்தார். எனவே அவரது மனைவி சந்தியா ஆபத்தை உடனே உணர்ந்துகொண்டார். இரு மைந்தரையும் வைத்துக்கொண்டு அவர் பொலிஸ் நிலையங்களை நாடினார். 2010 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். அம்மனு தொடர்பான விசாரணை ஹோமாகம நீதவான் நீதிமன்றுக்கு அனுப்பப்பட்டது. பின்னர் நிகழ்ந்தவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு அந்நீதிமன்றமே களமாயிற்று.

தொடர்ந்த ஐந்தாண்டுகளில் அரச தரப்பிலிருந்து கிடைத்தவை வதந்திகளே. 2011 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் சித்திரவதைக்கெதிரான குழுவின் முன்னிலையிற் பேசிய முன்னாள் சட்டமா அதிபர், எக்னலிகொட வெளிநாடொன்றிற் புகலிடம் பெற்றுள்ளார் என்று கூறினார். 2012 இல் ஹோமாகம நீதிமன்றிற்கு அழைக்கப்பட்டபோதோ, அதற்கான உறுதியான தகவலெதுவும் தம்மிடம் இல்லையென்றார். 2013 இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எக்னலிகொடவைப் பிரான்சிலே கண்டதாகச் சொன்னார். கணவர் இறந்தாரென நம்பவும் இயலாது, உயிரோடுள்ளாரென ஆறவும் இயலாது மனைவி நடுவே நிறுத்தப்பட்டார். இவ்வாறான நிலையிலுள்ள பெண்ணுக்குத் துக்கம் காப்பதற்கும் உரிமையில்லை. சமயச் சடங்கு, சொத்துரிமை, பிள்ளைகளின் கல்விப் பத்திரம் என ஒவ்வொன்றிலும் கணவரின் நிலை யாதென்ற கேள்வி எழுகின்றது. காணாமற்போதல் ஒருமுறை நிகழ்ந்து முடிவதன்று, அன்றாடம் நிகழ்வதாகும்.

2015 ஜனவரியில் ஏற்பட்ட ஆட்சிமாற்றத்தின் பின் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையைப் புதிதாக மேற்கொண்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 17 இல் நடைபெற்ற பொதுத்தேர்தலை அடுத்து, லெப்டினன்ட் கேணல் தரத்தினர் உட்பட இராணுவப் புலனாய்வுப் பிரிவினர் சிலர் கைதாயினர். எக்னலிகொட பொலன்னறுவை மாவட்டத்துக் கிரித்தலை இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார் என்பது விசாரணையாளர் நீதிமன்றிற்குத் தெரிவித்த கருத்தாகும். சந்தேகநபர்கள் குற்றத்தை மறுத்தனர். குற்றம் நிரூபிக்கப்படும்வரை அவர்கள் நிரபராதிகளே என்பது சட்டம் அளிக்கும் காப்பு. அக்காப்பு அவர்களுக்கும் உரியது. எனவே ஈண்டு ஆராயத்தக்கது அவர்கள் குற்றவாளிகளா என்பதன்று. அவர்களைக் கைதுசெய்து விசாரிப்பதையே பொதுமக்களுள் ஒரு சாரார் ஏன் குற்றமாகக் கருதினர் என்பதேயாகும்.

இவ்வெதிர்ப்பினை மூவகையாகப் பகுத்து நோக்கலாம். முதலாவது, போர்வீரர் என்னும் புனிதம் பற்றியது. 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின் வெற்றியைத் தென்னிலங்கையிற் பெரும்பாலோர் படையினருக்குத் தாம் பட்ட கடனாகக் கொண்டனர். ஆதலின் படைவீரரொருவரைச் சிறையிலிடுதல் நன்றிமறத்தலாகத் தோன்றிற்று. எக்னலிகொட சிங்களவர், போர்க்களத்தில் நிற்காதவர், தேர்தற் காலத்திலே தலைநகர்ப் பகுதியிற் காணாமற்போனவர். போருக்கும் இவ்வழக்குக்கும் இடையிலான இத்தொலைவை எவரும் அளந்து பார்க்கவில்லை. இரண்டாவது, அயலார் தலையீடு பற்றிய ஐயம். 2015 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானம் நிறைவேறியமையால், இக்கைதுகள் ஜெனீவாவை மகிழ்விப்பதற்கானவை என்ற பரப்புரைக்கு இடமேற்பட்டது. கால் நூற்றாண்டின் முன் ஜெனீவா செல்ல முனைந்தவர்தம் அரசியல் முகாமிலிருந்தே இப்பரப்புரை பெரிதும் எழுந்தமை வரலாற்றின் விந்தையாகும். மூன்றாவது, மனைவியின்மீதே பழி சுமத்தல். சந்தியா புலிகளின் ஆதரவாளர் என்றும் வெளிநாட்டுப் பணத்துக்காக நடிப்பவர் என்றும் தூற்றப்பட்டார். அவரை இகழும் சுவரொட்டிகளும் ஒட்டப்பட்டன. சந்தேகநபர்கள் கூண்டில் நிற்க, ஊரின் கண்ணில் அவரே குற்றவாளியானார்.

இவ்வெதிர்ப்பு 2016 ஜனவரி 25 ஆந் திகதி உச்சநிலையை அடைந்தது. அன்று வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபோது, பொதுபல சேனாவின் செயலாளர் கலகொடஅத்தே ஞானசார தேரர் ஹோமாகம நீதிமன்றினுள் எழுந்து நின்று நீதவானையும் அரச சட்டத்தரணியையும் நோக்கிக் கூச்சலிட்டார். நீதிமன்ற வளவிற் சந்தியாவை அச்சுறுத்தினார். மறுநாள் அவர் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அடுத்துவந்த நாட்களில் பிக்குகளும் ஆதரவாளரும் நீதிமன்ற வாயிலிலே திரண்டு ஆர்ப்பரித்தனர். முதற் கைதினை எதிர்த்தமைக்காக இரண்டாவது கைது. இரண்டாவது கைதினை எதிர்த்து மற்றுமொரு கூட்டம். இவ்வாரவாரங்களுக்கிடையே காணாமற்போனவரின் பெயர் மெல்ல மறைந்துகொண்டிருந்தது.

எனினும் சந்தியா பின்வாங்கவில்லை. தம்மை அச்சுறுத்தியமை குறித்து அவர் துணிந்து முறையிட்டார். 2018 மே மாதத்தில் ஹோமாகம நீதவான் நீதிமன்றம் ஞானசார தேரரைக் குற்றவாளியாகக் கண்டு, யூனில் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நீதிமன்ற அவமதிப்புக்காக மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018 ஓகஸ்டில் ஆறாண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் 2019 மே மாதத்தில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். தனித்து நின்ற பெண்ணொருத்தி நீதிமன்றிற் பெற்ற நியாயம் ஒரு கையெழுத்தினாலே பயனற்றதாயிற்று.

எதிர்ப்பின் மற்றொரு விளைவும் குறிப்பிடத்தக்கது. 2019 இல் சட்டமா அதிபர் இராணுவப் புலனாய்வுப் பிரிவினர் ஒன்பதின்மருக்கு எதிராகக் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தார். அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் ஆட்சி மாறியது. அரசியற் பழிவாங்கல் பற்றி ஆராய நியமிக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழு, கைதானோரையே பாதிக்கப்பட்டோராகக் கொண்டது. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராயிருந்த சானி அபேசேகர பதவியிறக்கப்பட்டு, 2020 யூலையில் வேறொரு வழக்கின் பெயராற் கைதுசெய்யப்பட்டார். விசாரித்தவர் சிறையிலும் விசாரிக்கப்பட்டோர் வெளியிலுமாகக் காட்சி தலைகீழாயிற்று. 2015 இல் வீதியில் ஒலித்த குரல் 2020 இல் ஆட்சியின் கொள்கையாக மாறியமையை இதனால் அறியலாம். பொதுமக்கள் மனநிலை என்பது வெறும் உணர்ச்சி வெள்ளமன்று. வழக்குகளின் போக்கினையே மாற்றவல்ல அரசியல் ஆற்றலாகும்.

இவ்வழக்கினைத் திருகோணமலையிலிருந்து நோக்குவோர்க்கு அதன் பொருள் மேலும் விரிவடையும். 2008, 2009 ஆம் ஆண்டுகளிற் கொழும்பிலும் அயற்புறங்களிலும் கடத்தப்பட்ட, பெரும்பாலும் தமிழரும் முஸ்லிம்களுமான பதினொருவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அடைத்துவைக்கப்பட்டனர் என்பது விசாரணையாளர் கண்ட முடிபு. 2015 நவம்பரில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகளின் காணாமலாக்கப்படுதல் பற்றிய செயற்குழு அத்தளத்திலிருந்த நிலக்கீழ்த் தடுப்பறைகளை நேரிற் பார்த்தது. அவ்வழக்கிலும் கடற்படை அதிகாரிகள் கைதாயினர்; 2018 நவம்பரில் பாதுகாப்புப் படைகளின் பிரதானியே, சந்தேகநபரொருவருக்கு உதவினாரென்ற குற்றச்சாட்டில், சில நாட்கள் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அங்கும் எழுந்தது அதே குரல்: போர்வீரர் வேட்டையாடப்படுகின்றனர் என்பது. முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவர்மீதான வழக்கினைத் தொடர்வதில்லையென 2021 இற் சட்டமா அதிபர் முடிவுசெய்தார்.

கைது என்ற கட்டத்தை எட்டாத வழக்குகளோ இவற்றினும் மிகப் பல. விடுதலைப் புலிகளின் திருகோணமலை மாவட்ட அரசியற்றுறைப் பொறுப்பாளராயிருந்த எழிலன் 2009 மே 18 இல் முல்லைத்தீவிலே படையினரிடம் சரணடைந்ததைத் தம் கண்ணாற் கண்டதாக அவரது மனைவி அனந்தி சசிதரன் சாட்சியமளித்தார். வவுனியா மேல் நீதிமன்றத்தில் அவர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கில், சரணடைந்தவரை முன்னிலைப்படுத்துமாறு 2022 டிசம்பரிற் கட்டளை பிறந்தது. கட்டளை பிறப்பதற்கே ஒன்பதாண்டுகள் சென்றன. 2017 மார்ச்சிலே திருகோணமலை நகரில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கைகளிற் படங்களை ஏந்தி அவர்கள் வீதியோரத்தில் அமர்ந்தனர். தென்னிலங்கை கைதினை எதிர்த்துத் திரண்டது. தமிழ்ப் பகுதியோ ஒரு கைதாவது நிகழாதா என்று காத்திருந்தது. ஒரே தீவின் இரு பொதுமனங்களுக்கு இடையிலான தூரம் இதுவேயாகும்.

அத்தூரத்தைக் கடந்து வந்தவருள் சந்தியா ஒருவர். அவர் வடக்கிற்கு வந்து தமிழ்த் தாய்மாருடன் அமர்ந்தார். அவர்தம் கேள்வியும் தம் கேள்வியும் ஒன்றேயென்றார். 2017 இல் அனைத்துலகத் துணிச்சல்மிகு பெண்கள் விருது அவருக்குக் கிடைத்தது. 2022 ஜனவரியில், கணவர் காணாமற்போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைவுற்றபோது, முகத்துவாரம் காளி கோவிலிலே தலைமுடியைக் களைந்து அவர் முறையிட்டார். முப்பது ஆண்டுகளின் முன் தென்னிலங்கைத் தாய்மார் தேங்காயுடைத்த அதே கோவில். அன்று அவர்களுக்குப் பின்னே ஒரு கட்சி நின்றது. இன்று அவர் பின்னே நின்றோர் மிகச் சிலரே.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். மறைந்தவரைத் தேடும் பெண்ணின் கண்ணீர் ஆட்சியைப் பிடிக்க உதவும்போது சமூகம் அதனைப் போற்றுகின்றது. தான் போற்றும் படையினரை நோக்கி அக்கண்ணீர் கைநீட்டும்போது அதனைத் தூற்றுகின்றது. நீதி நிலைபெற வேண்டுமாயின் கைதானவர் யார் என்ற கேள்விக்கு முன்னே காணாமற்போனவர் எங்கே என்ற கேள்வியைக் கேட்கச் சமூகம் பழக வேண்டும். திருகோணமலைத் துறைமுக நகரில் அன்புவழிபுரம் என்னும் பெயரோடு ஒரு குடியிருப்பு உண்டு. அப்பெயர் குறிக்கும் வழி, அயலவள் கணவனையும் தன் வீட்டு மனிதனாகக் கருதித் தேடும் வழியே. அவ்வழியை இரு மொழி பேசுவோரும் சேர்ந்து நடக்கும் நாளிலேதான் ஹோமாகமவிலும் திருகோணமலையிலும் ஒரே கேள்வி ஒரே பொருளோடு ஒலிக்கும்.