பச்சிளங்குழந்தை: பரிசோதனையும் பராமரிப்பும்

பிறந்தது முதல் 28 நாள் வரை குழந்தையைப் பச்சிளங்குழந்தை என்கிறது மருத்துவம். 37 வாரம் நிறைந்து, 2.5 கிலோவுக்குக் குறையாமல் பிறந்து, உடனே வீறிட்டு அழும் குழந்தைக்குப் பெரிய சிகிச்சை எதுவும் வேண்டாம். சூடு, தாய்ப்பால், கவனமான கண்கள் ஆகியவையே அதன் தேவை.

ஈரத்தோடு பிறக்கும் உடல் சில நிமிடங்களிலேயே சூட்டை இழந்துவிடும். அதனால் முதல் வேலை, துடைத்து ஈரத்துணியை அகற்றி, குழந்தையை வெற்றுடம்பாகத் தாயின் மார்பில் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துவது. நன்றாக அழும் குழந்தையின் வாயில் குழாய் விட்டு உறிஞ்சத் தேவையில்லை. தொப்புள்கொடியை 1 முதல் 3 நிமிடம் கழித்து வெட்டும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதற்குள் நஞ்சுக்கொடியிலிருந்து இறங்கும் ரத்தம், பின்வரும் மாதங்களில் இரும்புச்சத்துக் குறையாமல் காக்கிறது.

முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் போடப்படும் அப்கார் மதிப்பெண், நியூயார்க்கைச் சேர்ந்த மயக்க மருந்து நிபுணர் வர்ஜீனியா அப்கார் 1953-இல் வெளியிட்டது. நிறம், இதயத்துடிப்பு, தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை, தசைமுறுக்கு, மூச்சு ஆகிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் உண்டு. கூட்டினால் 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலையில்லை. பலருக்குக் கை, கால் நுனிகள் சற்று நீலம் பாரித்திருப்பதால் முதல் நிமிடத்தில் 10 வருவது அபூர்வம். பிள்ளையின் அறிவுக்கும் இந்த எண்ணுக்கும் முடிச்சுப் போடுவது தவறு. மூச்சு விடாத குழந்தைக்கு மதிப்பெண் போடும்வரை காத்திருக்காமல் உடனே மூச்சூட்ட வேண்டும்.

விரிவான பரிசோதனை 24 மணி நேரத்துக்குள் நடக்கும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும்; இடையிடையே சில விநாடி மூச்சு நின்று தொடர்வது இயல்பு. நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை இருக்கலாம். மருத்துவர் உச்சிக்குழியைத் தடவி, வாய்க்குள் விரல் விட்டு அண்ணப் பிளவு இருக்கிறதா என்று பார்ப்பார். தொடையிடுக்கில் நாடித்துடிப்பைத் தேடுவார். இடுப்பு மூட்டை விரித்துப் பார்ப்பார். ஆசனவாய் திறந்திருக்கிறதா என்று உறுதி செய்வார். சூட்டை அறியச் செவிலியர்கள் செய்வதை வீட்டிலும் செய்யலாம்: புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது. உடனே மார்போடு அணைத்துப் போர்த்த வேண்டும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவுவது வயிற்றுக்குக் கிருமியைக் கொண்டுபோகும். தேன் மூலம் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயும் வரலாம். வசம்பு, மூக்கில் விடும் எண்ணெய், கண் மை, தொப்புளில் பூசும் சாம்பல் ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். பாட்டிமார்கள் அன்போடுதான் செய்கிறார்கள், கெடுதல் குழந்தைக்கு. தொப்புளை உலர்வாக வைத்தால் போதும், ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழுந்துவிடும். குளிப்பாட்டுவதைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போட வேண்டும்.

ரத்தக்கசிவைத் தடுக்க 1 மில்லிகிராம் வைட்டமின் கே ஊசி போடப்படும். பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி ஆகிய மூன்று தடுப்பு மருந்துகளும் இந்தியாவில் பிறந்தவுடன் தரப்படுபவை.

முதல் சில நாள்களில் எடை பத்து விழுக்காடு வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் மீளும். ஆண், பெண் இரு குழந்தைகளுக்குமே மார்பு வீங்கலாம். தாயின் ஹார்மோன்தான் காரணம். அதைப் பிதுக்கினால் சீழ் பிடிக்கலாம். பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பில் சில துளி ரத்தம் படுவதும் அந்த ஹார்மோனால்தான்.

மஞ்சள் காமாலை பல குழந்தைகளுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் தோன்றித் தணியும். முதல் 24 மணி நேரத்திலேயே தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ அது ஆபத்து. பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கையில் விலா உள்வாங்குவது, வலிப்பு, காய்ச்சல், உடல் சில்லிடுவது, எழுப்பியும் துவண்டு கிடப்பது ஆகியவையும் அப்படியே. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, குழந்தையை மார்போடு சேர்த்துப் போர்த்தியபடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.