மாப்பிள்ளையோடு கடல் தாண்டியவர்கள்

வெள்ளவத்தையில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு: மகனுக்கு டோஹாவுக்கு வேலை மாற்றம், மருமகளும் கூடப் போகிறாள். "அவ டீச்சர்தானே, அங்க போய் என்ன செய்யப் போறா?" என்று கேட்டால், "மாப்பிள்ளையோட இருக்கப் போறா, வேறென்ன" என்பார்கள். பட்டச் சான்றிதழ் அலுமாரிக்குள் போய்விடும்.

இந்தக் கேள்வி நம் பாட்டன்மார் காலத்தில் எழவில்லை. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் கொழும்புக்கு வியாபாரத்துக்கு வந்தவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளைப் பெரும்பாலும் ஊரிலேயே விட்டு வந்தார்கள். சபுர் ஆணுக்கு, காத்திருப்பு பெண்ணுக்கு. கணவனோடு கடல் தாண்டி, இங்கே தன் தொழிலையும் செய்த பெண்கள் வெகு சிலர்தான்.

கனடாவில் பிறந்த டொக்டர் மேரி ரட்ணம் அவர்களில் ஒருவர். மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வரவிருந்தவர், வழியில் இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்ததால் மிஷன் அவரை ஏற்க மறுத்தது. 1896இல் இங்கு வந்து, சில காலம் லேடி ஹெவ்லொக் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, கொழும்பில் சொந்தமாக வைத்தியம் தொடங்கினார். 1937இல் பம்பலப்பிட்டியிலிருந்து மாநகர சபைக்குத் தெரிவானார். கலியாணத்தால் போன வேலையை அவரே தேடி எடுத்தார்.

நமக்கு நெருக்கமானவர் ஆயிஷா ரவூப். தலசேரியில் பிறந்தவர். மலபார் முஸ்லிம் பெண்களில் முதன்முதல் பட்டம் பெற்றவர்களுள் ஒருவர். கொழும்பைச் சேர்ந்த ரவூபை மணந்து 1940களின் நடுவில் இங்கு வந்தார். மணமகளாக வந்தவருக்கு வேலை எப்படிக் கிடைத்தது? அவர் திறமை ஒரு பக்கம் இருக்கட்டும். நம் சமூகத்தின் குறையும் ஒரு காரணம் என்பேன். பெரிய பிள்ளையானதும் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடும் வீடுகள் அன்று ஏராளம். 1945இல் இலவசக் கல்வி வந்தும், "எங்கட பிள்ளைய யார் கையில ஒப்படைக்கிறது?" என்ற தயக்கம் போகவில்லை. சேர் ராசிக் பரீத் போன்றோரின் முயற்சியில் 1946இல் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கியபோது, பட்டம் பெற்ற முஸ்லிம் பெண்ணே அதிபராக வேண்டியிருந்தது. அப்படியொருவரை உள்ளூரில் தேடிப் பிடிப்பது லேசான காரியமா? கலியாணம் முடித்து வந்த மருமகளிடம் அந்தத் தகுதி இருந்தது.

ஏறத்தாழ கால் நூற்றாண்டு அதிபராக இருந்தார். இடையில் மேரி ரட்ணம் இருந்த அதே மாநகர சபைக்கும் போய், 1950களில் பிரதி மேயருமானார். முஸ்லிம் பெண் அரசியலுக்கு வருவதா என்று முகம் சுளித்தவர்களும் தம் மகள்மாரை அவரிடம்தான் படிக்க அனுப்பியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

காலமும் அவருக்கு வாய்த்தது. அவர் வந்தபோது இரு கரையிலும் பிரித்தானிய ஆட்சிதான். இந்தியாவில் எடுத்த பட்டத்துக்கு இங்கே மதிப்பிருந்தது. தனுஷ்கோடியில் கப்பலேறினால் தலைமன்னார், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1948இல்தான் நிறைவேறியது. நான்கைந்து வருடம் பிந்தி வந்திருந்தால், வகுப்பறைக்குப் போகுமுன் விசாவுக்கு அலைந்திருப்பார். டோஹா போகும் நம் டீச்சர் மருமகள் இன்று நிற்பது அந்த வரிசையில்தான்.