பெரும்பான்மையை எண்ணும் இடம்

1989 ஏப்ரல் 21 அன்று கர்நாடகத்தில் எஸ்.ஆர். பொம்மை தலைமையிலான ஜனதா தள அரசு பதவி நீக்கப்பட்டது. 19 சட்டமன்ற உறுப்பினர்கள் ஆதரவைத் திரும்பப் பெறுவதாகத் தெரிவித்த கடிதங்களே ஆளுநர் வெங்கடசுப்பையாவின் அறிக்கைக்கு அடிப்படை. ஆனால் அவர்களுள் எழுவர், தவறான விளக்கம் தந்து தம்மிடம் கையொப்பம் பெறப்பட்டதாக அடுத்த நாளே எழுதிக்கொடுத்தனர். அவையைக் கூட்டிப் பெரும்பான்மையை மெய்ப்பிக்க ஆயத்தமாக இருப்பதாக முதலமைச்சர் கூறியதை ஆளுநர் ஏற்கவில்லை. ஓர் அரசின் ஆயுள் ராஜ்பவனில் வைத்துக் கணக்கிடப்பட்டது.

இதற்கு வழிவகுத்த 356-ஆம் பிரிவின் வேர், 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் உள்ளது. மாகாண ஆட்சியை ஆளுநர் தம் கையில் எடுத்துக்கொள்ள அச்சட்டத்தின் 93-ஆம் பிரிவு இடமளித்தது. 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் இதுபற்றிய விவாதம் எழுந்தபோது, இவ்வதிகாரம் தவறாகப் பயன்படுத்தப்படக்கூடும் என்பதை அம்பேத்கர் மறுக்கவில்லை. இது ஒருபோதும் செயலுக்கு வராமல் ஏட்டிலேயே உறங்கிவிடும் என்று நம்பினார்.

அந்த நம்பிக்கை ஈராண்டுகூட நிலைக்கவில்லை. 1951-இல் பஞ்சாபில் இப்பிரிவு முதன்முதலாகப் பயன்பட்டது. 1959-இல் கேரளத்தில் அவையில் பெரும்பான்மை பெற்றிருந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அரசு நீக்கப்பட்டது. 1977-இல் மத்தியில் ஆட்சிக்கு வந்த ஜனதா கட்சி ஒன்பது மாநிலங்களின் காங்கிரஸ் அரசுகளை நீக்கியது; 1980-இல் மீண்டும் வந்த இந்திரா காந்தி அரசு அதே எண்ணிக்கையில் பதிலடி தந்தது. மக்களவைத் தேர்தலில் தோற்ற கட்சி மாநிலத்திலும் மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டது என்பதே இரு தரப்பின் வாதமும். மாநிலத் தேர்தலுக்குத் தனிப் பொருள் உண்டு என்பதையே அவ்வாதம் மறுத்தது. 1977-இல் உச்ச நீதிமன்றமும் தலையிட முன்வரவில்லை.

கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தோற்ற பொம்மையின் வழக்கில், 1994 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஓர் அரசின் பெரும்பான்மை சோதிக்கப்பட வேண்டிய இடம் சட்டமன்றம். குடியரசுத் தலைவரின் பிரகடனம் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் அளிக்கும்முன் சட்டமன்றத்தைக் கலைக்கலாகாது என்று அது வரையறுத்தது. கர்நாடகத்தில் நடந்தது அரசமைப்புக்கு முரணானது என்றும் கூறியது. ஆயினும் அத்தீர்ப்பால் பொம்மைக்குப் பதவி திரும்பவில்லை. 1989 நவம்பரிலேயே அங்குத் தேர்தல் நடந்து முடிந்திருந்தது.

அத்தீர்ப்பின் பயன் பின்வந்தோருக்குக் கிட்டியது. 1999-இல் பீகாரில் ராப்ரி தேவி அரசை நீக்கிய மத்திய அரசு, மாநிலங்களவையில் ஒப்புதல் கிடைக்காது என்ற நிலையில் பிரகடனத்தைத் திரும்பப் பெற்றது. 2016-இல் உத்தராகண்டில் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த வாக்கெடுப்பில் ஹரீஷ் ராவத் வென்று மீண்டும் முதல்வரானார்.

2019 ஜூலையில் அதே கர்நாடகத்தில், பொம்மைக்கு மறுக்கப்பட்ட நம்பிக்கை வாக்கெடுப்பு முறைப்படி அவையில் நடந்தது. ஆளுங்கூட்டணி உறுப்பினர்கள் பலர் முன்னரே பதவி விலகல் கடிதம் அளித்து அவைக்கு வராதிருக்க, குமாரசாமி அரசு 99-க்கு 105 என்ற கணக்கில் வீழ்ந்தது. எண்ணிக்கை எங்கே நடைபெற வேண்டும் என்பதை 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பு உறுதி செய்தது. எண்ணப்படுவதற்கு முன்பே உறுப்பினர்கள் விலகச் செய்யப்படுவதைத் தடுக்கும் வலிமை அத்தீர்ப்புக்கு இல்லை.