கடல் கடந்த தெள்ளும் மண்டபம் முகாமும்

யாழ்ப்பாணத்தவர் யாத்திரை, கல்வி, வாணிகம் ஆகியவற்றின் பொருட்டுத் தமிழகஞ் சென்று மீளுதல் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். மனிதர் செல்லும் வழியே அவர் அறியாத சிற்றுயிர்களும் செல்லும் என்பதை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது.

1894 ஆம் ஆண்டில் ஹொங்கொங்கிற் பிளேக்கு நோய் பரவியபோது, அதனை விளைக்கும் பற்றீரியாவை யேர்சின் என்னும் அறிஞர் கண்டறிந்தார். 1896 இல் அந்நோய் பம்பாயை அடைந்தது. எலியின் குருதியை உண்ணும் தெள்ளே நோயைக் கடத்துவது என்பதை 1898 இல் கராச்சியிற் சிமொண் சோதனையாற் காட்டினார்.

இலங்கைக்கு 1914 ஆம் ஆண்டு இருவகையாற் குறிப்பிடத்தக்கது. தலைமன்னாரையும் தனுக்கோடியையும் இணைக்கும் கப்பற்சேவை அவ்வாண்டில் தொடங்கிற்று. கொழும்பிற் பிளேக்கு முதன்முதல் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. மதவாச்சியிற் புகைவண்டி மாறிய யாழ்ப்பாணப் பயணிகளும், மலைநாட்டுத் தோட்டங்களை நாடிய தமிழகத் தொழிலாளரும் அக்கடல்வழியைப் பயன்படுத்தினர். தொழிலாளர், மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமிற் சில நாள் மறித்து வைக்கப்பட்டு, மருத்துவ சோதனைக்கு உட்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். காவலின் சுமை ஏழையர் மீதே வீழ்ந்தது. கொழும்பிலோ நோய், துறைமுகத்தை அடுத்த தானியக் களஞ்சியங்களின் எலிகளிடையே நிலைகொண்டது. ஆட்களை மறிக்கும் முகாமினால், மூட்டைகளோடு கப்பலேறும் எலியையும் அதன் தெள்ளையும் மறித்தல் இயலாது.

1964 ஆம் ஆண்டுப் புயல் தனுக்கோடியை அழித்தது, அவ்வழியும் அற்றது. எனினும் அதன் பாடம் அழியவில்லை. தென்னாபிரிக்கக் காடுகளைக் கண்டு மீளும் உல்லாசப் பயணிகளுட் சிலர், உண்ணி கடித்தலால் வரும் றிக்கெற்சியாக் காய்ச்சலோடு இன்றும் தத்தம் நாடு திரும்புகின்றனர். அவர்களை எவரும் முகாமில் அடைப்பதில்லை. பயணியைப் பழித்தல் எளிது. நோய் வரும் வழியை அறிதலே காவலாகும்.